மீண்டும் ஆரம்பக் கோட்டில்

2019 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டப் போட்டிகள் நடந்து முடிந்தபோது, பங்குபற்றிய பதினாறு அணிகளுள் இலங்கை அணி பதினைந்தாவது ஸ்தானத்தையே பெற்றிருந்தது. ஆயினும், அந்தச் சுற்றுப்போட்டியில் எல்லோரையும்விட அதிகமான கோல்களைப் போட்டவர் யாரென்று கணக்கெடுத்தபோது முதலிடத்தில் நின்ற பெயர், அவுஸ்திரேலியாவையோ நியூசிலாந்தையோ சேர்ந்த வீராங்கனை எவருடையதாகவும் இராமல், யாழ்ப்பாணக் குடாநாட்டின் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் பெயராக இருந்தது. அப்பொழுது அவருக்கு வயது 40. விளையாட்டு வீரர்கள் பலர் தங்கள் பாதணிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய புகைப்படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தொடங்கும் பிராயம் அது.

தர்ஜினியின் உயரம் 208 சென்றிமீற்றர். வலைப்பந்தாட்டத்தின் வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில், பின்பலகை எதுவுமின்றித் தனியே நிற்பது. பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது, மூன்று விநாடிக்கு மேல் அதைக் கையில் வைத்திருக்கவும் ஆகாது. தடுக்க நிற்பவரும் மூன்று அடி விலகியே நிற்க வேண்டும். இந்த விதிகளுக்குள், தோழியர் உயரத் தூக்கிப் போடும் பந்தை எதிராளியின் விரல்கள் எட்டாத இடத்திலேயே பிடித்து, அதைக் கீழே இறக்காமல், மணிக்கட்டின் மெல்லிய அசைவொன்றினால் வளையத்தினுள் விழுத்துவதே அவருடைய வித்தை. 2009 இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியிலும் அவர் இருந்தார். 2011 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகப் போட்டியில் மிகச் சிறந்த கோல் போடுநராகப் பாராட்டப்பெற்றார். பின்னர் இடையில் தேசிய அணியிலிருந்து விலகியிருந்து, 2018 இல் மீண்டும் அழைக்கப்பெற்று, அதே சிங்கப்பூரில் சிங்கப்பூர் அணியையே இறுதியாட்டத்தில் தோற்கடித்து, ஒன்பது ஆண்டுகளின் பின் ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்கு மீட்டுத் தந்தவர்களுள் ஒருவரானார். லிவர்பூலின் சாதனை அதற்கு மறு ஆண்டு நிகழ்ந்தது.

அத்தகைய உயரம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று என்பது மெய்யே. ஆனால், விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து போட்டியிடும் துணிவு உயரத்தைப் பொறுத்ததன்று என்பதற்கு வேறொரு சாட்சியம் ஆனையிறவுக்கு அப்பால், முல்லைத்தீவில் இருக்கிறது. சிறைச்சாலைச் சேவையில் கடமையாற்றி ஓய்வு பெற்ற அகிலத்திருநாயகி என்னும் அம்மையார், 2023 இல், தமது 72 ஆவது வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் கலந்துகொண்டு, 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்களையும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கத்தையும் வென்று வந்தார். வடமாகாணத்துப் பத்திரிகைகள் அச்செய்தியை வெளியிட்டபோது வாசித்தவர்கள் மகிழ்ந்தார்கள்; எனினும், மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர், "இவர் செய்ததை நானும் என் அளவில் செய்யலாமே" என்று எண்ணினார்கள் என்பதே நாம் சிந்திக்கவேண்டிய விஷயம்.

நமது குடாநாட்டில் விளையாட்டு என்பது பாடசாலைப் பருவத்துக்கு உரிய ஒன்றாகவே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பருவத்துக்குள் நாம் அடைந்த பெருமை சிறிதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்து உயரம் பாய்தலில் தேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேர்னிலும் ஒலிம்பிக் களங்களைக் கண்டு, 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டம் வடக்கின் பெருஞ்சமர் என்ற பெயருடன் இன்றும் நடக்கிறது. ஆனால், உயர்தரப் பரீட்சை முடிந்து, உத்தியோகமோ கலியாணமோ வெளிநாட்டுப் பயணமோ வந்து சேர்ந்ததும், நேற்றுவரை களத்தில் நின்றவன் பார்வையாளர் பந்தலுக்குப் போய்விடுகிறான். பெண்பிள்ளையோ பெரும்பாலும் பந்தலுக்கும் வருவதில்லை.

இதனோடு யுத்தமும் சேர்ந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கின் கிராமங்கள் வெறுமையாகின. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. கிரமமாக ஓடிப் பழகவேண்டிய கால்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்த காலம் அது. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் மாதத்தில் மீண்டும் திறந்து வைக்கப்பட்டபோது, அந்த இடப்பெயர்வின் நாளில் பதினெட்டு வயதினராக இருந்தவர்கள் நாற்பதை நெருங்கியிருந்தார்கள். இன்று அவர்கள் ஐம்பதை ஒட்டி நிற்கிறார்கள். யௌவனத்தில் தங்களுக்கு நியாயமாகக் கிடைத்திருக்கவேண்டிய போட்டிகளை இழந்த இந்தத் தலைமுறைக்கு, அவற்றை ஒருபோதும் திருப்பிக் கொடுத்தல் இயலாது. ஆனால், இப்போதுள்ள பிராயத்துக்கு ஏற்ற போட்டிகளைக் கொடுத்தல் இயலும், கொடுத்தலே தர்மம் என்பது எனது உறுதியான அபிப்பிராயம்.

அத்தகைய போட்டிகளுக்கான ஒழுங்கு உலகில் ஏற்கெனவே நன்கு வகுக்கப்பட்டிருக்கிறது. மூத்தோருக்கான முதலாவது உலக மெய்வல்லுநர் போட்டி 1975 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடைபெற்றது. ஆண் பெண் இருபாலாரும் 35 வயது நிரம்பியதும் அதில் பங்குபற்றும் தகுதியைப் பெறுகிறார்கள். அதன் மேல் ஐந்தைந்து வருஷங்களுக்கு ஒரு பிரிவாக, நூறு வயதையும் கடந்து அந்தப் பிரிவுகள் செல்கின்றன. ஆகவே, 61 வயதினர் 64 வயதினருடன் ஓடுவாரேயன்றி இருபது வயது இளைஞனுடன் ஓட நேராது. உபகரணங்களும் வயதுக்கேற்ப மாறும்: இளம் ஆடவர் எறியும் குண்டு 7.26 கிலோ எடையுள்ளது. ஐம்பது வயதினருக்கு அது 6 கிலோ, அறுபதினருக்கு 5, எழுபதினருக்கு 4, எண்பதுக்கு மேல் 3 கிலோ. பெண்களின் 4 கிலோக் குண்டு ஐம்பதில் 3 கிலோவாகவும், எழுபத்தைந்தில் 2 கிலோவாகவும் குறைகிறது. தடைதாண்டல் ஓட்டத்தின் தடைகளும் அவ்வாறே உயரம் குறைகின்றன. ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் ஓடிய நேரத்தை, அந்த வயதின் உலகத் தரத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாகக் கூறும் அட்டவணைகளும் உள்ளன. அந்தக் கணக்கில், தம் பள்ளிக்கூட நாட்களில் பெற்றதைவிட மேலான சதவீதத்தை ஐம்பதில் பெறுவோரும் உண்டு.

இங்கிலாந்தில் பிறந்த எட் விற்லொக் என்பவருடைய வரலாறு இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. இளமையில் ஓட்டக்காரராயிருந்த அவர், பொறியியலாளராகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபின் ஓட்டத்தைக் கைவிட்டு, நாற்பதுகளிலேதான் மீண்டும் தொடங்கினார். 2003 இல், 72 வயதில், 42 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட மரதன் தூரத்தை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்தார். எழுபது வயதைக் கடந்த எவரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. 2016 இல், 85 வயதில், அதே தூரத்தை நான்கு மணித்தியாலத்துக்குள் கடந்தார். தம் வீட்டுக்கு அருகேயிருந்த மயானத்தின் பாதைகளில் மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடியதே அவருடைய பயிற்சி.

சரீரம் இதற்கு எவ்வாறு இடங்கொடுக்கிறது என்று வாசகர் கேட்பது இயல்பு. ஒருவருடைய உடல் ஒரு நிமிஷத்தில் அதிகபட்சம் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடியும் என்பதே நீண்ட ஓட்டத்துக்கான வலிமையின் அளவுகோல். சும்மா இருப்பவர்களிடத்தில் அது முப்பது வயதுக்குப் பின் பத்து ஆண்டுக்கு ஏறக்குறையப் பத்துச் சதவீதம் குறைகிறது, பயிற்சியை விடாதவர்களிடத்தில் அதன் பாதியளவே குறைகிறது. இந்தக் குறைவில் வயதின் பங்கு எவ்வளவு, சோம்பலின் பங்கு எவ்வளவு என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்தது. 1966 இல் இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே கிடக்கச் செய்து, அதனால் அவர்களுடைய இருதயத்தின் ஆற்றல் எவ்வளவு வீழ்ந்தது என்று வைத்தியர்கள் அளந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்து மீண்டும் அளந்தபோது, முப்பது வருஷ முதுமை அவர்களுக்கு விளைத்த நஷ்டத்தைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை விளைத்த நஷ்டமே பெரிதாயிருந்தது. அதன்பின் ஆறு மாத காலம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் ஆகியவற்றில் படிப்படியாகப் பயிற்றியபோது, முப்பது வருஷத்தில் இழந்த ஆற்றலை அந்த ஐவரும் மீளப் பெற்றார்கள்.

தசைகளின் கதையும் இதுவே. 1990 இல் பொஸ்ரன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய பராமரிப்பு இல்லவாசிகள் சிலருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தபோது, அவர்களுடைய கால்களின் வலிமை சராசரியாக 174 சதவீதம் அதிகரித்தது. ஒருமுறை பயிற்சியினால் வளர்ந்த தசையின் உயிரணுக்களில் சேரும் கருக்கள், பயிற்சி நின்று தசை மெலிந்த பின்னும் நெடுநாள் நிலைத்திருப்பதை நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் எலிகளிடத்தில் கண்டிருக்கிறார்கள். முன்பு விளையாடி விட்டவர், ஒருநாளும் விளையாடாதவரைவிட விரைவில் தேறுவதை அனுபவத்தில் காண்கிறோமே, அதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

எனினும், இவ்வளவையும் சொன்ன பின் எச்சரிக்கையையும் சொல்லாது விடுதல் பாவமாகும். இருதயமும் தசையும் சில வாரங்களில் இசைந்து கொடுக்கும். நாண்களும் மூட்டுகளைக் கட்டும் இழைகளும் அவ்வளவு விரைவில் இசைவதில்லை. திரும்பி வருபவருக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்: மூச்சு இடங்கொடுக்கிறதென்று இரண்டாம் மாதத்தில் முழுவேகத்தில் ஓடுகிறார், பின்தொடைத் தசை கிழிகிறது அல்லது குதிநாண் வீங்குகிறது, பயிற்சி அத்துடன் முடிகிறது. ஆகவே பழைய வீரருக்குப் பெரிய பகை அவருடைய பழைய ஞாபகமே. இருபதில் எப்படி ஓடினோமென்று கால்கள் நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நினைவுக்குக் கீழ்ப்படியாமல், முதல் மூன்று மாதத்துக்கு நடையும் மெதுவோட்டமும் மாறி மாறிச் செய்து, வாரத்தில் இரண்டு நாள் கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றுக்குப் பாரப் பயிற்சி செய்து, அதன் பின்னரே வேகத்தைத் தொடுதல் வேண்டும்.

அதற்கும் முன்பாக வைத்தியரிடம் போதல் அவசியம். தென்னாசிய மக்களாகிய நம்மை நீரிழிவும் மாரடைப்பும் மற்றைய பல இனத்தாரைவிட இளவயதிலேயே பற்றுகின்றன. நமது ஊரில் சீனியோ பிரஷரோ இல்லாத வீட்டைத் தேடிக் காணவேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, இருதயத்தின் மின்னலைப் பதிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள அரசாங்க வைத்தியசாலைகளிலேயே வசதி உண்டு. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் என்ற மூன்றில் எது தோன்றினாலும் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். "கொஞ்சம் பொறுத்தாச் சரிவரும்" என்ற வார்த்தையை அங்கே சொல்லலாகாது.

குடாநாட்டின் வெயில் தனியே கவனிக்கத் தக்கது. சித்திரை வைகாசியில் காலை ஏழரைக்கே செம்மண் தரை சுடத் தொடங்குகிறது. வயது ஏற ஏறத் தாகம் எடுக்கும் உணர்வும் மந்தமாகிறது. ஆகையால் விடியற்காலையில் ஓடி, தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடித்தல் நல்லது. ஆகாரத்தைப் பொறுத்தவரை புட்டையும் சோற்றையும் மட்டும் நம்பியிருப்பது போதாது. தசை வளர்வதற்குப் புரதம் வேண்டும். முதியோருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் நாள்தோறும் வேண்டுமென்று போஷாக்கு நிபுணர்கள் கூறுகிறார்கள். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து, மீனும் உழுந்தும் பயறும் கச்சானும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் நமக்கு, விலையுயர்ந்த மாவு டின்கள் தேவையில்லை.

சரீரத்தின் தடைகள் இவ்வளவே. இவற்றைவிடப் பலமான தடை அயலாரின் வாயில் இருக்கிறது. "உந்த வயசில உனக்கு உது தேவையோ?" என்று ஆண்மகனைக் கேட்பார்கள். பெண்ணை நேரில் கேட்பதுமில்லை, "ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு, காற்சட்டை அணிந்து மைதானத்தில் ஓடுவதைக் கற்பனையிலும் நீக்கிவிடுகிறாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழியும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் நாம் பேசுவது ஐந்தில் வளைந்து, பதினைந்தில் பதக்கம் வாங்கி, அதன்பின் வளையாமல் விடப்பட்டவர்களைப் பற்றி. அவர்களுக்கு இந்தப் பழமொழி பொருந்தாது.

வெறும் தேகாரோக்கியத்துக்கு நடை போதாதா, போட்டி எதற்கு என்று கேட்போரும் உளர். அது நேர்மையான கேள்வி. நடை போதும்; உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உழைப்பை நடையினாலேயே நிறைவேற்றிவிடலாம். ஆனால், திகதி குறிக்கப்பட்ட ஒரு போட்டி முன்னே இருக்கும்போது மனிதன் மழை நாளிலும் எழுந்து புறப்படுகிறான். அது இல்லாதபோது மேகத்தைக் கண்டே போர்வையை இழுக்கிறான். அதற்கும் மேலாக, பிள்ளைகளுக்குத் தகப்பன், கந்தோருக்கு உத்தியோகத்தர், வீட்டுக்குச் சமையற்காரி என்று பிறருடைய தேவைகளினாலேயே அறியப்பட்டு வந்த ஒருவர், தமக்கென்று ஓர் இலக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு, தம் பிராயத்தவருடன் சரிசமமாய் நின்று, வெற்றியோ தோல்வியோ தம் பெயரில் பெறுகிறார். அந்த மரியாதையை நடைப்பயிற்சி தருவதில்லை.

நமது சமூகம் அந்த மரியாதையைக் கொடுக்கிறதா என்பதைப் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலே காணலாம். தை மாசி மாதங்களில் வலிகாமத்திலோ வடமராட்சியிலோ எந்த மைதானத்துக்குப் போனாலும், அணிநடையும் அஞ்சல் ஓட்டமும் முடிந்து, வினோத உடைக்குச் சற்று முன்பின்னாகப் பெற்றோர் நிகழ்ச்சி அறிவிக்கப்படும். ஐம்பது வயதை எட்டிய தாய் ஒருத்தி கைப்பையை மகளிடம் கொடுத்து, செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நிற்பாள். விசில் ஊதியதும் அவளுடைய முதல் ஐந்தாறு அடிகளைக் கூர்ந்து பார்த்தவர் அறிவார்: உடல் முன்னே சாய்கிறது, முழங்கால் உயர்கிறது, கைகள் வீசும் முறை மாறாமல் வீசுகின்றன. யாரோ ஒரு ஆசிரியர் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் பயிற்றிய ஓட்டம் அது. ஒலிபெருக்கி அதைப் பார்த்துச் சிரிப்பு மூட்டுகிறது. சனம் கைதட்டிச் சிரிக்கிறது. முடிவுக் கோட்டில் நிற்கும் உத்தியோகத்தர்களின் நிறுத்தற்கடிகாரங்களோ சட்டைப் பைக்குள் உறங்குகின்றன. முதலாவதாய் வந்தவளுக்கு ஒரு பிளாஸ்ரிக் வாளி பரிசாகக் கிடைக்கும். அவள் எத்தனை விநாடியில் ஓடினாள் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

அவளுக்கு நாம் செய்யவேண்டிய காரியம் பெரும் பொருட்செலவுள்ளதன்று. ஒவ்வொரு பிரதேசத்திலும் இயங்கும் விளையாட்டுக் கழகங்களும், பழைய மாணவர் சங்கங்களும், பிரதேச செயலகங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களும், தங்கள் வருடாந்தப் போட்டிகளில் 35, 45, 55, 65 என நான்கு பிரிவுகளையேனும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே வகுத்து, நூறு மீற்றர் ஓட்டம், வேகநடை, குண்டெறிதல் ஆகிய மூன்று நிகழ்ச்சிகளை நடத்தினால் போதும். ஆறு மாதத்துக்கு முன்பே அறிவித்து, பயிற்சிக்கு அவகாசம் கொடுத்து, வைத்தியச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, முதலுதவிக்கு ஆளை நிறுத்துதல் வேண்டும். ஆவரங்காலின் கரப்பந்தாட்டக்காரரும், குருநகரின் உதைபந்தாட்டக்காரரும் தங்கள் ஆட்டங்களில் மூத்தோர் அணிகளை அமைக்கலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர்கள் நாற்பது கடந்தோருக்கென்று துடுப்பாட்டப் போட்டிகளை நடத்தி மகிழ்கிறார்கள். அதே மகிழ்ச்சிக்கு ஊரிலிருப்போர் உரியவரல்லர் என்று எவர் சொல்ல முடியும்?

வாசகரே, ஒருகாலத்தில் விளையாடி விட்டவர் நீங்களானால், இந்த வாரமே வைத்தியரைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் நடக்கத் தொடங்குங்கள். கழகத்தை நடத்துபவர் நீங்களானால், அடுத்த போட்டி நிரலில் மூத்தோருக்கு ஓர் இடம் ஒதுக்கி, அவர்கள் ஓடும்போது நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தி, அந்த நேரத்தை அவர்களுடைய பெயருடன் பதிவேட்டில் எழுதுங்கள்.